சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம்

என் இடது காலில் இப்போது நாலு விரல்தான். சுண்டுவிரல் போன மாங்காய் சீசனில் திருப்பதி ஆஸ்பத்திரியோடு போய்விட்டது. நடக்கும்போது அது இல்லாதது பெரிதாகத் தெரியவில்லை. செருப்பு போடும்போதுதான் ஞாபகம் வருகிறது.

நான் கார்வேட்டிநகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி டீச்சர். புத்தூருக்கு மீட்டிங் போனால் மற்ற டீச்சர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்கள். "உங்க தம்பி குடுத்த பொடியத் துன்னுதான் இப்டி ஆச்சாமே?" என்கிறார் ஒருவர். "பொடி துன்னதாலதான் விரலோட போச்சி, இல்லன்னா காலே போயிருக்குமாமே?" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை. நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் தம்பி சேகர் கரண்ட் ஆபீசில் லைன்மேன். எங்கள் மண்டலத்தில் அவன் ஏறாத கம்பம் இல்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடு இல்லை. எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், சுகரில் கண் பார்வை போய், கடைசி இரண்டு வருஷம் சுவரைத் தடவித் தடவி நடந்து இறந்தார். அதைப் பார்த்ததிலிருந்து சேகருக்கு சுகர் என்றாலே ஒரு வெறி. யாரோ ஒரு வைத்தியர் சொன்னார் என்று மலையடிவாரத்தில் வேலியோரம் படரும் சிறுகுறிஞ்சான் கொடியைத் தேடிப் பறிக்க ஆரம்பித்தான். தெலுங்கில் அதைப் பொடபத்திரி என்பார்கள். இலையை நிழலில் உலர்த்தி, மிக்சியில் அரைத்து, பொட்டலம் கட்டி, வேலைக்குப் போகிற இடமெல்லாம் கொடுத்தான். ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

யாராவது சந்தேகப்பட்டால் ஒரு பச்சை இலையைக் கொடுத்து மெல்லச் சொல்வான். அப்புறம் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போடச் சொல்வான். சர்க்கரை மணல் மாதிரி இருக்கும். இனிப்பே தெரியாது. "நாக்குலயே இப்டின்னா வயித்துல இன்னா செய்யும் பாத்துக்கோ!" என்பான். எனக்கும் அப்படித்தான் செய்து காட்டினான். நான் அசந்துபோய்விட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு முகாமில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்து, நூற்றுப் பதினெட்டு, பார்டரில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து தினம் காலையில் பல் துலக்கியதும் ஒரு ஸ்பூன் பொடி, ஒரு சொம்பு வெந்நீர். மாதம் ஒருமுறை கிராம நர்ஸ் ஏ.என்.எம். வரும்போது வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்ப்போம். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினாறு, நூற்றுப் பன்னிரண்டு. எனக்கும் சேகருக்கும் அதில் ஒரே பெருமை. காலையில் பார்த்த நம்பரை நம்பி, மத்தியானம் நான் என்ன சாப்பிடுகிறேன், அது என்ன ஆகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சித்திரை கடைசியில் புதுச் செருப்பு வாங்கினேன். அது கடித்து, சுண்டுவிரல் ஓரம் ஒரு கொப்புளம் வந்ததாம். வந்ததாம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அது தெரியவே இல்லை. வலி இல்லை. ஒருநாள் கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியது. மஞ்சள் வைத்தேன். நாலாம் நாள் பாதம் வீங்கி, குளிர் ஜுரம் வந்தது. என் வீட்டுக்காரர் அப்போது மாம்பழக்கூழ் பேக்டரி வாசலில் தோத்தாபுரி மாங்காய் லோடோடு இரண்டு நாளாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். போன் போனதும் டிராக்டரைப் பின்னால் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். புத்தூரில் காலைப் பார்த்த டாக்டர் ஊசிகூடப் போடவில்லை. "திருப்பதிக்குப் போங்க. இன்னிக்கே" என்றார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் வெளிநோயாளி கூடத்தில் உட்கார இடம் இல்லை. டோக்கன் சீட்டைப் பிடித்துக்கொண்டு அத்தனை ஜனம். நடுநடுவே மலை இறங்கி வந்து மயக்கம் போட்டவர்கள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குளுக்கோஸ் பாட்டிலுக்குக் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தன் துண்டைச் சுருட்டித் தரையில் வைத்து, அதன்மேல் என் காலைத் தூக்கி வைத்து, யாரும் மிதித்துவிடாமல் குறுக்கே நின்றார். மூன்று மணி நேரம் அப்படியே நின்றார்.

உள்ளே ஒரு நர்ஸ் வெள்ளை நைலான் நரம்பு ஒன்றை எடுத்தாள். தூண்டில் கயிற்றை வெட்டியது மாதிரி இருந்தது. "கண்ண மூடிக்கோங்க. தொடும்போது தொடுதுன்னு சொல்லணும்" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆகிறதே என்று, "இன்னும் தொடலியாம்மா?" என்றேன்.

"ஆறு எடத்துல தொட்டுட்டேம்மா" என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை காலில் புண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பார்த்த டாக்டர் பெயர் ஹேமலதா. நாற்பது வயதிருக்கும். சத்தியவேடு பக்கத்துக்காரர், அதனால் எங்கள் பேச்சே பேசினார். ரிப்போர்ட்டைக் கட்டிலில் பரப்பி வைத்து எனக்குப் புரியும்படி சொன்னார். வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தெட்டு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து முன்னூற்றுப் பத்து. மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுகிற இன்னொரு டெஸ்ட் உண்டு. ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. ஐந்தரைக்குள் இருக்க வேண்டியது எனக்கு எட்டு புள்ளி ஒன்பது.

"காலைல எப்பவும் நூத்திப் பத்துதான் மேடம் இருக்கும்" என்றேன், ஏதோ அவர் தப்பாகப் பார்த்துவிட்ட மாதிரி.

"இருக்கும்மா. ராத்திரி பூரா பட்டினி கெடந்து காலைல பாத்தா கொறவாத்தான் இருக்கும். சோறு துன்னப்புறம் ஏறுது பாருங்க, அது மூணு மணி, நாலு மணி நேரம் எறங்காம நின்னுக்கினு இருந்திருக்குது. ஒரு நாளைக்கு மூணு வேள. இத்தன வருஷம். அதுதான் கால் நரம்ப மரக்க வெச்சிருக்குது."

மறுநாள் ஆப்பரேஷன். சீழை எடுத்துச் சுத்தம் செய்வோம், எலும்பு வரை போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். இலவச சிகிச்சைக்கான ஆரோக்கிய அட்டை இருந்ததால் செலவைப் பற்றி நாங்கள் பெரிதாகத் தவிக்கவில்லை. என் தவிப்பெல்லாம் கால்தான். அங்கன்வாடியில் இருபது பிள்ளைகள் பின்னால் ஓடணுமே. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகிற ஊசிதான் போட்டார்கள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு தட்டில் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சேகர் வந்தான். கட்டைப் பார்த்தான். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து என் தலைமாட்டில் வைத்தான். "அக்கா, அளவு பத்தல போலக்கீது. ரெண்டு ஸ்பூனா துன்னு" என்றான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து டாக்டர் ஹேமலதா ரவுண்ட்ஸ் வந்தார். பொட்டலத்தைப் பார்த்தார். தூக்கிக் குப்பையில் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பிரித்து, மோந்து பார்த்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"பொடபத்திரி. நெழல்ல ஒணத்தினதா?"

சேகர் திகைத்துப் போனான். "ஆமா மேடம்."

"எங்க பறிச்சீங்க? எந்த மாசம்? பூ உட்ட கொடியா?" ஒவ்வொன்றாகக் கேட்டார். படிக்கிற காலத்தில் இரண்டு வருஷம் அவர் செய்ததே இந்த வேலைதானாம். இலையையும் வேரையும் சாறு எடுத்து, கண்ணாடிக் குழாயில் மாவோடும் அதைச் செரிக்கிற நொதியோடும் கலந்து, எவ்வளவு சர்க்கரை வருகிறது என்று அளப்பது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னதை என்னால் முடிந்த அளவு எழுதுகிறேன்.

சோறு, இட்லி எல்லாம் மாவு. குடலில் சில நொதிகள் அந்த மாவைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. அப்புறம்தான் அது ரத்தத்துக்குள் போகும். கடலழிஞ்சில் வேர் போன்ற சில மூலிகைகளின் சாறு அந்த வெட்டும் வேலையைத் தாமதப்படுத்துகிறது. சிறுகுறிஞ்சான் வேறு விதம். நாக்கில் இனிப்பு போய் உட்காருகிற இடத்தை அது அடைத்துவிடுகிற மாதிரி, குடலிலும் சர்க்கரை உள்ளே போவதைக் கொஞ்சம் தடுக்கிறது என்று நினைக்கிறார்கள். இரண்டிலும் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் மெதுவாக ஏறும். ஆனால் இலைக்கு இலை சத்து மாறும். மழைக்காலத்து இலை ஒன்று, கோடை இலை ஒன்று. சாறாக எடுத்து அளந்தால்தான் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

"எப்பத் துன்னச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"காலைல மேடம். வெறும் வயித்துல."

"சோறு மத்தியானம் துன்றாங்க. பொடி காலைல ஆறு மணிக்கு துன்றாங்க. அது எதத் தடுக்கும் சேகர்?"

சேகர் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப சோத்துக்கு முன்னாடி துன்னா கேக்குமா?" என்றான். விடுகிற ஆள் இல்லை அவன். "அக்காக்கு குடுத்துப் பாருங்களேன்."

"புண்ணோட, இன்சுலின்ல இருக்கறவங்க மேல நான் சோதன பண்ண மாட்டேன்."

"அப்ப என் மேல பாருங்க. நானும் ரெண்டு வருஷமா துன்னுக்கினுதான் இருக்கேன். வேற மாத்திர ஒண்ணும் இல்ல."

டாக்டர் அவனுக்கு வேறு வியாதி ஏதும் உண்டா என்று விசாரித்தார். பிறகு சரி என்றார்.

மறுநாள் சேகர் பொடி தின்னாமல் வந்தான். கேன்டீனில் இரண்டு கப் சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல், மோர். என் வீட்டுக்காரர் கூட உட்கார்ந்து அளந்து போட்டார். இரண்டு மணி நேரம் அவனை வார்டு வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தோம். விரலைக் குத்திப் பார்த்தபோது இருநூற்று நாற்பத்தாறு. அதற்கடுத்த நாள் அதே இரண்டு கப், அதே பொரியல், பத்து நிமிஷம் முன்னால் ஒரு ஸ்பூன் பொடி. இருநூற்றுப் பத்தொன்பது.

"இருபத்தேழு கொறஞ்சிக்கீது அக்கா! பாத்தியா? பாத்தீங்களா மாமா?" வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கோபத்தில் இருந்த எனக்கே ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.

"கொறஞ்சிருக்குது. நான் இல்லன்னு சொல்லல" என்றார் டாக்டர். "ஆனா ஒரு ஆளு, ரெண்டு நாளு. நேத்து மாடிப் படி எத்தினி ஏறினீங்க, இன்னிக்கு எத்தினி ஏறினீங்க, அதுலயே இவ்ளோ மாறும். சரி, பொடியாலதான்னே வெச்சிப்போம். இருநூத்திப் பத்தொம்பது சேகர். நூத்தி நாப்பதுக்குள்ள இருக்கணும். உங்களுக்கே சுகர் இருக்குது."

சேகரின் சிரிப்பு அப்படியே நின்றது. ஊரெல்லாம் சுகருக்கு மருந்து கொடுத்தவன், தான் சாப்பிட்ட பிறகு ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை. நைனாவை நினைத்திருப்பான். என் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் குரலைத் தணித்துக் கேட்டார். "மாத்திர சாப்புடறவங்களுக்கும் குடுத்தீங்களா?"

"குடுத்தேன் மேடம்."

"யாராவது தலை சுத்துது, கை நடுங்குதுன்னு சொன்னாங்களா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "கோவிந்தசாமின்னு ஒரு பெரியவரு. ஆஸ்பத்திரி மாத்திர போட்டுக்கினு பொடியும் துன்றாரு. பதினோரு மணி ஆச்சின்னா வேத்துக் கொட்டுது, கை நடுங்குதுன்னாரு. பொடி வேல செய்யுது, பயப்படாதன்னு சொல்லிட்டேன்."

"அது சர்க்கர ரொம்ப எறங்கறது. மயங்கி உழுந்தா உயிருக்கே ஆபத்து. இப்பவே சொல்லுங்க."

வராந்தாவுக்கு ஓடிப் போன் போட்டான். பெரியவர் எடுக்கவில்லை. இன்னொரு முறை, இன்னொரு முறை. உள்ளே வந்து வண்டிச் சாவியை எடுத்தான். "அக்கா..." என்று ஏதோ சொல்ல வந்தான். "போடா, மொதல்ல அங்க போ" என்றேன். அந்த மூன்று நாளில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வடமாலபேட்டை, புத்தூர் தாண்டி வெயிலில் நிற்காமல் போயிருக்கிறான். பெரியவர் மத்தியானச் சோற்றுக்கும் வீட்டுக்குப் போகாமல் பம்புசெட் கொட்டகையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், சட்டை நனைந்து, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல். டாக்டர் போனில் சொன்னபடி சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைத்திருக்கிறான். கால் மணி நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "லைன்மேனா? கரண்டு வந்துடுச்சா?" என்று கேட்டாராம். சேகர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். இதை அவன் எனக்குச் சொல்லவில்லை. பெரியவரின் மருமகள் பிறகு சொன்னாள்.

அப்புறம் அவன் செய்ததுதான் நான் இதை எழுதுவதற்கே காரணம். ஒரு வாரம் லீவு போட்டான். பொடி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போனான். எங்கும் எழுதி வைத்ததில்லை, கம்பத்தை வைத்தே எல்லா வீடும் ஞாபகம் அவனுக்கு. வாசலில் நின்று தமிழ் வீட்டில் தமிழிலும் தெலுங்கு வீட்டில் தெலுங்கிலும் ஒரே விஷயத்தைச் சொன்னான். "நான் முழுசாத் தெரியாம குடுத்துட்டேன். பொடிய நிறுத்திடுங்க. ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்தாதீங்க. சோறு துன்னு ரெண்டு மணி நேரம் கழிச்சி ரத்தம் பாருங்க. எனக்கே இருநூத்துக்கு மேல இருக்குது."

எல்லோரும் நல்லபடியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. "அக்கா வெரல் போனப்புறம்தான் ஒனக்குப் புத்தி வந்ததா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். ஒரு அம்மா மிச்சப் பொட்டலத்தை அவன் மேலேயே வீசினார். டீக்கடையில், "டாக்டரு வர்றாரு, எழுந்து நில்லுங்கப்பா" என்று சிரித்திருக்கிறார்கள். அவன் டீ குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

நான் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தேன். தினமும் கட்டு மாற்றுவார்கள். வயிற்றைக் கிள்ளி இன்சுலின் போட்டுக்கொள்ள நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். வாழ்நாளில் அடுப்பு பற்ற வைக்காத என் வீட்டுக்காரர், சாப்பாட்டை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, திருப்பதியில் எங்கள் சொந்தக்காரர் வீட்டு அடுப்பில் கீரையும் பாசிப்பயறும் செய்து டப்பாவில் கொண்டுவந்தார். உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. தோப்பில் அத்தனை பழம் பழுத்தும் அந்த சீசன் முழுக்க அவர் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "துன்ன ஆவல இந்த வருசம்" என்று சொல்லிவிட்டுக் கன்றுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று சேகர் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தான். தன் மாத்திரைச் சீட்டைக் காட்டிவிட்டு, "மேடம், எங்க ஊருக்கு ஒருவாட்டி வருவீங்களா? காலைல வேணாம். சோறு துன்னப்புறம் பாக்கற மாதிரி" என்றான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நர்ஸுகளோடு அவர் வந்தார். எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்ட நேரத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்று சேகர் முன்னாடியே வீடு வீடாகச் சொல்லியிருந்தான். வந்தார்கள், ஆனால் மரத்தடியில் தள்ளித் தள்ளி நின்றார்கள். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

சேகர் பள்ளி வராந்தாவில் டாக்டருக்குப் போட்டிருந்த மேஜை முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினான். "மொதல்ல எனக்குப் பாருங்க. எல்லாரும் பாக்கட்டும்."

நர்ஸ் குத்தினாள். மிஷினை வாங்கி அவனே உரக்கப் படித்தான். "நூத்தி அறுபத்தி நாலு! மாத்திர, நடை, சோறு பாதி. இன்னும் எறங்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் கோலை ஊன்றிக்கொண்டு வந்து, மேஜையின் எதிர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கோவிந்தசாமிப் பெரியவர்.

"யப்பா சேகரு, அந்தப் பொடி கொஞ்சம் மீதி இருக்குதா? அது துன்னா எனக்கு ஒடம்பு லேசாத்தான் இருந்துச்சி."

"இல்ல பெருசு. இனிமே நானாக் குடுக்க மாட்டேன். டாக்டரம்மா இதோ இருக்காங்க, அவுங்களக் கேளு" என்றான் சேகர். "எத்தினி மணிக்குத் துன்ன?"

"பன்னண்டுக்கு."

அவன் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தான். "சரியா ரெண்டு மணி நேரம். கைய நீட்டு."

பெரியவர் நீட்டினார். அவர் பின்னால் ஒவ்வொருவராக வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.